மிக்சியின் சுருதி

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, அப்படியே ஒரு சலங்கை பூஜைக்கு வயலின் வாசிக்கப் போனேன். மிருதங்கம் வைத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன சார், விபூதி இன்னிக்குக் கோணலா நிக்குது?" என்றார். அது சிலுவை என்று விளக்க நேரமில்லை. சுருதி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "அவசரத்துல இட்டது" என்று சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்து அமலியிடம் சொன்னபோது அவள் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

தைராய்டு ஆபரேஷன் முடிந்து போன வாரம்தான் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கழுத்தில் இன்னும் கட்டு இருக்கிறது. பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஆகவே எங்கள் வீட்டில் இப்போது தாளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. தொடையில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம். கையைத் திருப்பி ஒரு வீச்சு வீசினால் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நான் மட்டும் பேசுவது இதுவே முதல் தடவை. நினைத்த அளவுக்குச் சுகமாக இல்லை.

சாயங்காலம் பங்குச்சாமியார் எட்வின் போன் செய்தார். "மாஸ்டர், ஈஸ்டர் பாஸ்கா ராத்திரிக்குப் புதுசா ஒரு அல்லேலூயா போடுங்க. அமலியக்கா தொடங்கினாத்தான் நம்ம கோயில்ல உயிர்ப்பு. அதுக்குள்ள குரல் சரியாயிடும்ல?"

"ஆயிடும் ஃபாதர்" என்றேன். அமலி பக்கத்தில்தான் இருந்தாள். தட்டவும் இல்லை, வீசவும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

கோயில் கீபோர்டில் மறைக்கல்வி டீச்சர் யாரோ நேற்றுப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கியிருக்கிறார். டிரான்ஸ்போஸ் பட்டனை ஏற்றி வைத்துவிட்டு அப்படியே போய்விட்டார். அதை அழுத்தினால் விரல் அதே கட்டையில் இருக்கும், சுருதி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். கல்யாண வீட்டு கீபோர்டுக்காரர்கள் பாதிப் பேர் இந்தப் பட்டனை நம்பித்தான் பிழைக்கிறார்கள். இன்று வருகைப் பாட்டை நான் ஆரம்பித்ததும் சபை முழுக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தியது. சலேத்தம்மா பூசை முடிந்து வந்து, "தம்பி, மோட்சத்துக்கே கேட்டிருக்கும்" என்றார்.

எங்கள் பாடகர் குழுவில் மூத்தவர் அவர். குழுவில் யாருக்கும் பயப்படாத நான் அவருக்குப் பயப்படுவேன்.

இந்தப் பெட்டியில் ஒரு கோளாறு. அணைத்தாலும் கடைசியாக வைத்த எண்ணை மறக்காது. இனிமேல் மூடுவதற்கு முன் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துணி போட வேண்டும்.

மார்ச் 12, புதன்

மூன்று நாளாக அல்லேலூயா. முதலில் ஹம்சத்வனியில் ஒன்று போட்டு வயலினில் வாசித்துக் காட்டினேன். அமலி முடிப்பதற்குள் வீசிவிட்டாள். அவள் சொல்வது சரி, கச்சேரியில் முதல் உருப்படி மாதிரி இருந்தது. கல்லறையிலிருந்து எழுந்தவர் அவ்வளவு சுறுசுறுப்பாக வந்திருக்க மாட்டார். உடம்பு முழுக்கக் காயம்.

பிறகு பிலஹரி. செத்தவனை எழுப்பின ராகம் என்று கச்சேரிக்காரர்கள் கதை சொல்வார்கள். உயிர்ப்பு விழாவுக்கு அதை எடுப்பதில் எனக்கே கொஞ்சம் கூச்சம்தான், எழுதி ஒட்டின மாதிரி இருக்கும். ஆனாலும் வாசித்தேன். மேல் காந்தாரம் வரை போய் ஒரு மூச்சு நின்று இறங்குகிறது. அந்த இடம் அவள் தொண்டைக்காகவே போட்டது. ஐந்து கட்டை சுருதியில் அவள் அங்கே நின்றால் கோயில் ஓட்டில் இருக்கிற புறா எழுந்து பறக்கும். பலமுறை பார்த்திருக்கிறேன்.

தொடையில் ஒரு தட்டு. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்குச் செத்தவர் யாரும் எழ வேண்டாம். அவள் தொண்டையில் ஒரு நரம்பு எழுந்தால் போதும்.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து பயிற்சி. அமலி இல்லாததால் அவள் வரிகளை ஜெனிட்டா பாடிப் பார்க்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண், நல்ல குரல், நல்ல மனசு. அவள் வாயைத் திறந்து முதல் "அல்" சொல்வதற்குள் சலேத்தம்மா கையை உயர்த்திவிட்டார்.

"தவக்காலத்துல அந்த வார்த்தைய வாயில எடுக்கக்கூடாது. எங்க காலத்துல சாமியார் அதை எழுதிப் பெட்டியில பூட்டியே வைப்பாரு."

"பழகாம எப்படிம்மா பாடுறது?"

"சரிகம பாடுங்க. ஸ்வரத்துக்கு என்ன தவக்காலம்?"

சரி என்று ஸ்வரத்திலேயே பழகினோம். ராகத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் இல்லை, கொடுக்காமல் விட்டவரும் இல்லை. முருகன் மேல் இருக்கும் வர்ணத்தை மத்தியானமும் சிலுவைப்பாதைப் பாட்டை மாலையும் ஒரே வில்லில்தான் வாசிக்கிறேன். எப்படி சார் முடிகிறது என்று இரண்டு பக்கத்து ஆட்களும் கேட்கிறார்கள். கை வலிக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

மார்ச் 18, செவ்வாய்

எங்கள் வீட்டில் செபமாலையின் முதல் பாதியை அமலி சொல்வாள், பின் பாதியை நான் சொல்வேன். ஆபரேஷனிலிருந்து இரண்டு பாதியையும் நானே சொல்லி வந்தேன். என் கேள்விக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. இன்று மூன்றாம் பத்து மணியில் நிறுத்திவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மணியை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

மேலே இருப்பவரோடு எனக்கு இப்போது பேச்சுவார்த்தை இல்லை. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் பேச வேண்டும்.

மார்ச் 22, சனி

தில்லைநகரில் அரங்கேற்றம். ஒரே இருக்கையில் மூன்று மணி நேரம். பக்கவாத்தியக்காரனுக்கு ஒரு சௌகரியம், எங்கே போக வேண்டும் என்று அவன் யோசிக்க வேண்டியதில்லை. முன்னே போகிற குரலின் பின்னாலேயே போனால் போதும். இன்று பாடியவர் பல்லவியை இரண்டாம் தடவை எடுத்ததை நான் கவனிக்கவில்லை, மூன்றாம் தடவையில் போய் ஒட்டிக்கொண்டேன். வைத்தி பார்த்துவிட்டார். "வீட்ல எல்லாம் சௌக்கியந்தானே சார்?" என்று கேட்டார். வெயில் என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் ஆஸ்பத்திரி. மாலையில் வயலினுக்கு நான்கு கம்பியும் மாற்றினேன். மாற்ற வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகச் சின்னக் குழாயை விட்டு டிவியில் காட்டினார்கள். தொண்டைக்குள் இரண்டு வெள்ளை மடிப்புகள். ஒன்று திறந்து மூடுகிறது. வலது பக்கம் சும்மா கிடக்கிறது. "நரம்பு அறுபடலை, தூங்குது" என்றார் டாக்டர். "முழிக்கலாம், முழிக்காமலும் இருக்கலாம். பேசிப் பழகட்டும். பாட்டெல்லாம் இப்ப யோசிக்க வேண்டாம்." நல்ல மனிதர்தான். "அம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டார். "பாடுவாங்க" என்றேன்.

ஆட்டோவில் அமலி முதல் வார்த்தை பேசினாள். "பசிக்குது." காற்றுப் போன துருத்தி மாதிரி ஒரு குரல். டிரைவர் திரும்பிப் பார்த்தார். நான் வெளியே காவிரிப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை.

அவள் குரலைக் கேட்டுத்தான் அவளைக் கட்டினேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

எங்கள் வீட்டில் மிக்சி இப்போதெல்லாம் அதிக நேரம் ஓடுகிறது. சட்னி எப்போதும் போலத்தான் இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாக மைய அரைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றும் காலையில் மிக்சி. கூடத்தில் வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம், எந்தச் சத்தத்துக்கும் சுருதி பார்ப்பேன். மிக்சியின் சுருதி சுத்தமாக இரண்டு கட்டை. அதற்கு அடியில் இன்னொரு சத்தமும் வருகிறது. மோட்டார் தேய்ந்திருக்கலாம். அது ச ரி க ப என்று ஏறி, தைவதத்தில் நின்றுவிட்டுத் திரும்ப இறங்குகிறது.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

பயிற்சியில் அல்லேலூயாவை ஐந்து கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறக்கிவிட்டேன். கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால் டிரான்ஸ்போஸ் மைனஸ் ஐந்து. ஆண்கள் பகுதிக்கு மேல் காந்தாரம் எட்டவில்லை, அதுதான் காரணம். ஜெனிட்டாவுக்குத்தான் கஷ்டம், அவ்வளவு கீழே அவள் குரல் தரையைத் தொடுகிறது. "பரவால்ல மாஸ்டர், சமாளிச்சுக்கிறேன்" என்றாள். அமலி முதல் தடவையாகப் பயிற்சிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று சொன்னாள்.

"ஏங்க, யாருக்காக எறக்குனீங்க?"

"ஆம்பளைங்களுக்கு எட்டலம்மா."

"தவக்காலத்துல பொய் சொல்லாதீங்க."

நான் தேங்காய் திருகிக்கொண்டிருந்தேன், திருகிக்கொண்டே இருந்தேன்.

"எனக்காகப் பாட்டை எறக்காதீங்க." ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினாள். "நான் நொண்டுறேன்னு ஊரே முட்டிபோட்டு நடக்கணுமா? அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கட்டும். ஜெனிட்டாவுக்குக் குடுங்க. அந்தப் புள்ள நல்லா பாடும்."

"நீ என்ன பண்ணப்போற?"

"எல்லாரும் என்ன பண்றாங்க? உக்காந்து கேக்குறேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. யார் மேல் என்று எழுதினால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஐந்து கட்டைக்கே ஏற்றிவிட்டேன். ஜெனிட்டா மேல் காந்தாரத்தில் நின்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. புறா எழவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மிக்சி.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

கையில் ஓலையோடு கோயிலைச் சுற்றி வந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. இயேசுவின் பாடுகளின் வாசகம் முழுக்க நின்றுகொண்டே. பிறகு ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் மாலை முழுக்கச் சினிமாப் பாட்டு. ஆர்டர் எடுத்தவரிடம் பெரிய வாரத்தில் வாசிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, மறுக்கவும் தெம்பு வேண்டுமே.

இசைக் கலைஞன் என்று சொன்னால் ஜனங்கள் என்னவோ நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்தவர் சந்தோஷத்துக்கும் அடுத்தவர் துக்கத்துக்கும் சுருதி சேர்த்துக் கொடுக்கிற வேலை. தன்னுடையது வரும்போது கம்பி தளர்ந்து கிடக்கிறது.

அமலி காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இன்று மாலைப் பூசையில் வானவர் கீதத்துக்கு எல்லா மணிகளும் அடித்து ஓய்ந்ததோடு சரி. சனி இரவு அதே கீதம் வரும்வரை கோயிலில் மணியும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். வாத்தியத்தைத் தொடக்கூடாது என்பது விதி. இந்த ஒரு விதியை மட்டும் நான் முழு மனதோடு அனுசரிக்கிறேன், வருடத்தில் எனக்குக் கிடைக்கும் ஒரே லீவு.

பூஜ்யம் இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இருந்தது. அணைத்தேன். ஊதாத் துணியை நான்காக மடித்துப் போட்டு மூடினேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவையில் உதடு வைத்து முத்தி செய்யும் வரிசையில் அமலி எனக்கு முன்னால் நின்றாள். அவள் குனிந்தபோது கழுத்துத் தழும்பு தெரிந்தது. நல்ல தையல், மெல்லிய கோடு.

ஒவ்வொரு வருஷமும் இன்று பாடுகிற புலம்பலை அவள்தான் பாடுவாள். இந்த வருஷம் யாரும் பாடவில்லை. அந்த இடத்தில் மௌனமாக இருக்கட்டும் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். ஜனங்கள் இருமினார்கள், குழந்தைகள் அழுதன. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் கைவிட்டீர் என்று சிலுவையில் அவரே கேட்டிருக்கிறார், நான் கேட்டால் என்ன? கேட்டேன். இத்தனை நாளில் இதுதான் நான் அவரிடம் பேசியது.

ஏப்ரல் 19, பெரிய சனி

காலையில் பெண்கள் பீடத்துக்குப் பூ வைக்கப் போனார்கள். அமலியும் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள். "பூ அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன். ஒரு தட்டு. பேச வருகிறவள் ஏன் தட்டுகிறாள் என்று தெரியவில்லை.

பிற்பகல் ஒலிபெருக்கி ஒயர் பார்க்க நானும் கோயிலுக்குப் போனேன். கீபோர்டு மேல் ஊதாத் துணி இரண்டாக மடிந்து கிடந்தது. நான் இரண்டாக மடிப்பதில்லை. பூ வைக்க வந்தவர்கள் தூசி தட்டியிருப்பார்கள்.

திறந்து பார்க்கவில்லை. சனி இரவு வரை தொடக்கூடாது என்பது விதி.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

பிற்பகல். மூன்று மணி வரை தூங்கினேன். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றிரவு வாசகங்கள் முடியும்வரை கோயில் இருட்டு, எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி. வானவர் கீதத்துக்கு விளக்குகள் எரியும் அதே நொடியில் முதல் ஸ்வரக்கூட்டு விழ வேண்டும். அதனால் இருட்டிலேயே சத்தத்தைக் குறைத்து வைத்துப் பெட்டியைப் போட்டேன். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. பீடத்தை மறைத்திருந்த திரை விழுந்தது, விளக்குகள் எரிந்தன, மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன. சத்தத்தை ஏற்றி இரண்டு கையையும் வைத்தேன்.

கீழே கேட்டது. ரொம்பக் கீழே. ஃபாதர் திரும்பிப் பார்த்தார். நிறுத்த முடியாது, ஜனங்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பேசுகிற சுருதியில் பாட்டு வந்ததும், வருஷம் முழுக்க வாயைத் திறக்காத ஆண்கள் பக்கம் மொத்தமாகப் பாடியது. அப்போதுதான் என் காதுக்கு எட்டியது. இரண்டு கட்டை. எங்கள் மிக்சியின் சுருதி.

கீதம் முடிந்து திருமுகக் கடிதம் வாசிக்கிற நேரத்தில் நான் திருத்தியிருக்கலாம். கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். மைனஸ் ஐந்து. வியாழக்கிழமை பூஜ்யம் பார்த்தது என் கண். அமலி பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் இருந்தாள். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

பட்டன் மேல் விரல் இருந்தது. நான் சரி செய்தால் ஜெனிட்டா அழகாகப் பாடுவாள், எல்லாம் ஒழுங்காக முடியும். செய்யாமல் விட்டு இவளும் வாயைத் திறக்காவிட்டால், கோயிலின் முதல் அல்லேலூயா என்னால் மண்ணாகும். எனக்குப் பயமாக இருந்தது.

ஜெனிட்டாவைப் பார்த்துக் கையைத் திருப்பி ஒரு வீச்சு வீசினேன். புரியாமல் விழித்தாள், ஆனால் வாயை மூடிக்கொண்டாள். சட்ஜமும் பஞ்சமமும் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் பாடவில்லை. சலேத்தம்மா என்னை முறைத்தார். இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது.

பழைய குரல் இல்லை. பாதி மூச்சு, பாதி மணல். ஆனால் சுருதியில் மயிரிழை பிசகு இல்லை. தவக்காலம் முழுக்க யாரும் வாயில் எடுக்காத வார்த்தையை அந்தக் குரல் எடுத்து வந்து வைத்தது. கோயிலே அதைத் திரும்பப் பாடியது. அந்த இரவின் வழக்கப்படி மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே. இரண்டாவதற்கு ஏற்றினேன். வந்தாள். மேல் காந்தாரத்தில் குரல் நடுங்கிற்று, ஆனாலும் பிடித்து நின்றது.

மூன்றாவதற்கு ஏற்றாமல் விட்டிருக்கலாம். எனக்காக இறக்காதீர்கள் என்று சொன்னவள் அவள். ஏற்றினேன். அவளும் ஏறினாள். காந்தாரத்துக்குப் போகும்போது குரல் உடைந்து வெறும் காற்றுதான் வந்தது. அந்த இடத்தை ஜெனிட்டா பிடித்துக்கொண்டாள், சலேத்தம்மா பிடித்துக்கொண்டார், பிறகு யார் யார் என்று எனக்குத் தெரியவில்லை, கண் மறைத்துவிட்டது. அமலி வாயை மூடவில்லை. காற்றாகவே கடைசி வரை பாடினாள்.

பூசை முடிந்ததும் ஜெனிட்டா ஓடிவந்து அமலியைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னிடம், "மாஸ்டர், ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?" என்றாள். "எனக்கே தெரியாதும்மா" என்றேன். சலேத்தம்மா, "பெட்டிய மறுபடியும் யாரோ மாத்தி வெச்சிட்டாங்க போல, தம்பி" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

இப்போதுதான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். தேங்காய் மசிந்ததும் மிக்சியை நிறுத்திவிட்டாள்.

"பூ வைக்கப் போனவ, கீபோர்டை எதுக்குத் தொட்டே? தொடக்கூடாதுன்னு விதி இருக்கில்ல?"

"நான் வாசிக்கலையே. எண்ணை மட்டுந்தான் மாத்தினேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"எறக்காதீங்கன்னு சொன்ன வாயால எப்படிக் கேக்குறது?" ஜாரைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். குரல் நேற்றைவிட மோசமாக இருந்தது, பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று. சிரித்தாள். பிறகு திடீரென்று என்னைப் பார்த்தாள். "ஆமா, நான் துணியைத் தப்பா மடிச்சுட்டேன்னு வீட்டுக்கு வந்தப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. மத்தியானம் போனீங்களே, அது மாறியிருந்ததைப் பாத்தீங்களா?"

தொடையில் ஒரு தட்டு தட்டினேன்.